பீடித் தட்டு வீட்டுக்கு வந்த கதை

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்களைப் பார்ப்பவர்கள் அதைப் பாய் முடைவது போல வீட்டோடு பிறந்த குடிசைத் தொழில் என்று எண்ணிவிடுகிறார்கள். தொழிலின் பழைய பதிவுகள் காட்டுவது வேறு. 1931-ல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன் பார்த்தது பட்டறைகளைத்தான். சன்னலில்லாத சிறு அறைகளில் ஐந்து வயதுப் பிள்ளைகள்கூடப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்; சின்னஞ்சிறுசுகளுக்கு இரண்டணாதான் கூலி. கொடுமைதான். ஆனாலும் அங்கே ஒரு கூரை இருந்தது, அந்தக் கூரைக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். தட்டு அங்கிருந்து வீட்டுக்கு வந்ததற்குப் பழக்கவழக்கத்தைக் காரணம் சொல்வது வசதியான பேச்சு. சட்டம் ஒவ்வொரு முறை பட்டறை வாசலுக்கு வந்தபோதும் வேலை பின்வாசல் வழியாக வெளியேறியது. அது கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம்தான் வீடு.

1948-ன் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது. பீடிக்கு மின்சாரம் எதற்கு? கத்தரிக்கோல், இலையை அளவெடுத்து வெட்ட ஒரு தகடு, கொஞ்சம் நூல், இவ்வளவுதான் மூலதனம். இருபதாவது ஆளை வேறு இடத்தில் உட்கார வைத்துவிட்டால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். ஒரு பட்டறை இரண்டாகி, நாலாகிச் சிதறியது. 1958-ல் சென்னை மாநிலம் பீடிப் பட்டறைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. சட்டம் பட்டறையைப் பிடித்தது. இலையும் புகையிலைத் தூளும் குடியிருக்கும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. மாநிலங்கள் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை, முதலாளிகள் தொழிலைத் துண்டு துண்டாக்கித் தப்பிக்கிறார்கள் என்று 1966-ல் மத்திய அரசே தன் மசோதாவின் நோக்க உரையில் ஒப்புக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் தொழிலாளி முதலில் இழந்தது முதலாளியின் பெயரை. நடுவில் ஏஜண்ட் வந்தார். கூலி குறைந்தால் யாரைக் கேட்பது? கம்பெனி ஏஜண்டைக் காட்டும். ஏஜண்ட் கம்பெனியைக் காட்டுவார். சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் எழுப்பிய தகராறில் 1964-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேடத்தைக் கலைத்துப் பார்த்தது. ‘சுதந்திர ஒப்பந்தக்காரர்’ என்று முதலாளிகள் காட்டிய ஆட்கள் கையில் காசில்லாத ஏழைகள்; இலையையும் தூளையும் கொண்டுபோய்க் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கி வருவதைத் தவிர அவர்களுக்கு வேலையே இல்லை; தொழிலாளர்கள் முதலாளியின் ஆட்களே என்று தீர்ப்பானது. சுற்றுகிறவருக்கு இது நீதிமன்ற நுணுக்கம் மட்டுமில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று எடைபோட்டுத் தருகிறார்கள். இலை காய்ந்தோ கிழிந்தோ இருந்தால் பற்றாக்குறையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்கி நிரப்ப வேண்டும். கொண்டுபோன பீடியை ஏஜண்டின் கடையில் உருட்டிப் பார்த்து ‘கழிவு’ என்று ஒதுக்கினால் அதற்குக் கூலி இல்லை. இலை மோசமானதன் நஷ்டமும் சரக்கு போகாத நஷ்டமும் இப்படித்தான் கம்பெனிக் கணக்கிலிருந்து திண்ணைக்கு இறங்கின. பட்டறையில் இருபது பேர் ஒன்றாய்ச் சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே ஒருத்தி தனியாக நிற்கிறாள். வாய் திறந்தால் நாளைக்கு இலை கிடைக்காது.

1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்த முடிச்சில் கை வைத்தது. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்றது. மங்களூர் கம்பெனி ஒன்றின் வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் வந்தால் தொழில் ஓடிவிடும் என்ற ஆட்சேபம் அப்போதே எழுந்தது, அது வெறும் மிரட்டலும் அல்ல. கேரளம் 1968-ல் அந்தச் சட்டத்தை அமலாக்கியதும் கண்ணூர் பகுதியில் பெரிய கம்பெனிகள் கதவடைத்தன. பன்னிரண்டாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969 பிப்ரவரியில் அதே தொழிலாளர்கள், அரசின் கடனுதவியோடு, தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதே இலை, அதே தூள். பொதுக் கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேட்டபடி சுற்றினார்கள். சட்டம் சொன்ன கூலியும் விடுப்பும் பல பத்தாண்டுகள் கிடைத்தன. அரசு கைகொடுக்காமல் இது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால், சட்டக் கூலி கொடுத்தால் பீடியே சுற்ற முடியாது என்ற வாதம் கண்ணூரில் தோற்றுவிட்டது.

பெண்களே வீட்டு வேலையைத்தான் விரும்புகிறார்கள் என்பது இன்னொரு வாதம். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. கைக்குழந்தையும் அடுப்பும் வெளியே போகத் தடை சொல்லும் வீடும் உள்ளவளுக்குத் திண்ணை வேலை பெரிய உதவி. ஆனால் அவள் விரும்பியது வேலை நடக்கும் இடத்தை. கழிவையும் இலைப் பற்றாக்குறையையும் பெயரில்லாத முதலாளியையும் யாரும் விரும்பிக் கேட்டதில்லை. வீட்டிலிருந்தே சுற்றிக்கொண்டு உரிமையும் பெறலாம் என்பதுதானே 1966 சட்டத்தின் சாரம்? 1985-ல் உச்ச நீதிமன்றம் வீட்டில் சுற்றுகிறவருக்கும் சேமநல நிதி உண்டு என்றது அதன் தொடர்ச்சிதான். நடைமுறையில், ஒருவர் பெயரில் பாஸ்புக் போட்டு வீட்டில் மூன்று பேர் சுற்றுவது உண்டு. அந்த மற்ற இருவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பீடிச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறியது. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செல்போன் செயலி வழியாக உணவும் சரக்கும் சுமப்பவர்களுக்கு முதன்முறையாக ஒரு வரையறை தந்தது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்று அது அவர்களைக் குறிக்கிறது. சேலத்துப் பீடி முதலாளிகளும் நீதிமன்றத்தில் இதைத்தான் சொன்னார்கள்.