பக்கத்துக்குத் தரவு போன பாதை

கொலன்னாவையின் எண்ணெய்க் குதங்களுக்கு அயலில், தெமட்டகொடையில் இருக்கிறது ஓரியன் சிட்டி. விர்ட்டூசா போன்ற மென்பொருள் நிறுவனங்கள் குடியேறிய வளாகம். இத்தகைய நிறுவனங்கள் வழியே கொழும்பில் ஒரு தலைமுறைக்கே சோறு போட்ட கணினி மொழிகளில் ஜாவாவும் ஒன்று.

1997இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த சர்வ்லெட் என்ற ஜாவா தொழில்நுட்பத்தில், வலைப்பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் ஜாவா நிரலே அச்சிட வேண்டும். எழுத்தின் நிறத்தை மாற்றக்கூட நிரலைத் திறக்க வேண்டியிருந்தது. 1999இல் வந்த ஜேஎஸ்பி (ஜாவா சர்வர் பேஜஸ்) இதைத் தலைகீழாக்கியது: பக்கத்துக்குள் ஜாவா புகுந்தது. விளைவு, அட்டவணை வரிசைகளுக்கு நடுவே தரவுத்தள வினவல்கள்!

2000இல் கிரெய்க் மெக்ளனகன் உருவாக்கிய ஸ்ட்ரட்ஸ் என்ற சட்டகம், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பரப்பியது. வங்கிக் கணக்குப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். சர்வ்லெட் இருப்புத் தொகையை எடுத்து, 'மீதி' என்று பெயரிட்டு, ரிக்வெஸ்டில் வைத்து, ஜேஎஸ்பிக்கு அனுப்பும். பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். ரிக்வெஸ்டில் வைத்தால் அந்த ஒரு கோரிக்கையோடு முடிந்தது. உலாவியை வேறு முகவரிக்கு ரீடைரக்ட் செய்தால் காணாமல் போகும். பயனரின் அமர்வு முழுதும் நீடிக்கும் செஷனில் வைத்தால், பணம் எடுத்த பிறகும் பழைய மீதியே தெரியலாம். எல்லாப் பயனருக்கும் பொதுவான அப்ளிகேஷனில் வைத்தால் ஒருவர் கணக்கு ஊருக்கே தெரிந்துவிடும்.

2003இல் ஜேஎஸ்பி 2.0 டாலர் குறியும் நெளிவு அடைப்பும் கொண்ட சுருக்க எழுத்தைப் பக்கத்துக்குள் கொண்டுவந்தது. ஜாவா வரிகள் குறைந்தன. புதுத் தொல்லை ஒன்றும் சேர்ந்தது. பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் பிழைச்செய்தி வராது, அந்த இடம் வெறுமையாக நிற்கும்.

கொழும்புக்குத் திரும்புவோம். சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான டபிள்யூஎஸ்ஓ2, தன் கார்பன் தளத்தின் நிர்வாகத் திரையை ஜேஎஸ்பியில்தான் கட்டியது. அதன் ஐடென்டிட்டி சேர்வரின் உள்நுழைவுப் பக்கமும் ஜேஎஸ்பியே. அங்கே, பயனரிடமிருந்து வரும் மதிப்புகள் குறியாக்கம் செய்யப்பட்ட பிறகே திரைக்கு வருகின்றன.

காரணம் இருக்கிறது. ஜேஎஸ்பியின் டாலர் குறிச் சுருக்க எழுத்து தானாக எதையும் குறியாக்கம் செய்யாது. பெயர்ப் பெட்டியில் ஒருவர் நிரலைத் தட்டினால் அது அடுத்தவர் உலாவியில் ஓடக்கூடும். 2011இல் வந்த தைம்லீஃப் என்ற வார்ப்புரு இயந்திரம் உரையை இயல்பாகவே குறியாக்கம் செய்துவிடுகிறது. பழைய ஜேஎஸ்பி பக்கங்களைப் பராமரிப்பவர்கள், அதே வேலையைச் செய்யும் சி-அவுட் குறிச்சொல்லைத் தாங்களே போட வேண்டும்.