பங்களாப் பேயும் விடுதிப் பிள்ளையும்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட பங்களாக்களும் உண்டு, வெள்ளைக்காரன் காலத்து விடுதிப் பள்ளிகளும் உண்டு. தமிழ்ப் பேய்ப்படக் கேமரா தேடுவதென்னவோ பங்களாவைத்தான். விடுதிக்குள் பழிவாங்கக் காரணமே இல்லையா என்ன? அமெரிக்கப் படமான 'கேரி'யில் (1976) சக மாணவிகள் அவமானப்படுத்திய பெண் உயிரோடிருக்கும்போதே பழிதீர்க்கிறாள். நம் கதையாடலில் செத்தால்தான் அதிகாரம். 'காஞ்சனா'வை (2011) எடுத்துக்கொள்வோம். திருநங்கை என்பதால் பெற்றோரே விரட்டிய பிள்ளை அது. ஆனால் பேயாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பது நில அபகரிப்புக்கும் கொலைக்கும்தான். சின்ன வயது வதை வெறும் முன்கதை. கேலி என்றாலே நமக்குக் காமெடி டிராக்தானே! 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் மாணவனால் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நான் பார்த்த பேய்ப்படங்களில் அந்த விடுதியிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை.