வாசலில் எழுதப்பட்ட கணக்கு

தெற்கு டெல்லியில் ஜங்புராவுக்கும் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கும் இடையே பாராபுல்லா நாலா ஓடுகிறது. ஜஹாங்கீர் காலத்தில் மிஹர் பானு ஆகா கட்டிய கல்பாலம் இன்னும் அதன்மேல் நிற்கிறது. அந்த வாய்க்காலின் கரையில் அரை நூற்றாண்டாக ஒரு தமிழ்க் குடியிருப்பு இருந்தது. டெல்லிக்காரர்கள் அதை மதராசி கேம்ப் என்றார்கள், அங்கே குடியிருந்தவர்களும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சுற்றியிருந்த காலனிகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள், கார் ஓட்டினார்கள், தெரு பெருக்கினார்கள். பிள்ளைகள் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுக்குப் போனார்கள்.

வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவர்களாக முதலில் அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பு, நகரின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் இருந்தது.

வேலை போனது, பள்ளி மாறியது, வீட்டுச் சாமான் நடுத்தெருவுக்கு வந்தது. இவை செய்தித்தாள்களில் வந்தன, வரவும் வேண்டும். ஆனால் ஒரு பஸ்தி, அதாவது குடிசைக் குடியிருப்பு, இடிபடும்போது அதிகம் பேசப்படாத வேறொன்றும் அறுந்துபோகிறது. எந்த வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, யார் காசநோய் மாத்திரையை நான்காவது மாதத்தோடு நிறுத்தப் பார்க்கிறார் என்பதெல்லாம் அந்தப் பகுதியின் துணை நர்ஸ்-மருத்துவச்சியான ஏ.என்.எம்.மின் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேட்டுக்குக் கையும் காலும் கொடுப்பது வீட்டு வாசல். வாசல் போனால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். இப்படி வாசல் வாசலாக நின்று எழுதியதுதான் இந்தியாவில் நர்சிங் கல்வியையும் சமுதாய சுகாதார ஆராய்ச்சியையும் வளர்த்தது. அந்த வளர்ச்சியில் மதராசுக்கும் டெல்லிக்கும் சம பங்கு உண்டு.

இப்படிக் கேட்டு எழுதி எண்ணுவதில் முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய சீமாட்டியாகப் பாடப்புத்தகங்கள் காட்டுகின்றன. அவருடைய பெரிய ஆயுதம் கேள்விப் படிவம். இந்தியாவில் கால் வைக்காமலேயே இங்கிருந்த ராணுவ நிலையங்களுக்கெல்லாம் படிவம் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, எத்தனை பேர் எதனால் சாகிறார்கள் என்று கேட்டு வாங்கினார். பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததாக 1863-இல் வந்த ராயல் கமிஷன் அறிக்கை சொன்னது. போரைவிடச் சாக்கடை அதிகம் பேரைக் கொன்றது என்பதை எண்ணிக்கை கொண்டு நிறுவியவர் அவர்.

அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்களில் நேப்பியர் பிரபுவும் ஒருவர். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். எழும்பூர் பிரசவ மருத்துவமனையில் 1854-லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்கான பயிற்சி ஆரம்பமானது. நாட்டின் முதல் நர்சிங் பள்ளி என்று இந்திய நர்சிங் வரலாறு அதைக் குறிக்கிறது. தொடங்கும்போது நான்கே மாணவிகள்.

அடுத்த கட்டம் வேலூர். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் மருத்துவமனையாகி, 1909-இல் நர்சிங் பள்ளியும் சேர்ந்தது. ஐடாவும் அவரோடு இருந்தவர்களும் நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, கூடியவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். டெல்லியிலும் ஏறக்குறைய அதே காலத்தில், 1918-இல், லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி தொடங்கி, வீடுகளுக்குச் சென்று தாய் சேய் நலம் பார்க்கும் பெண்களைப் பயிற்றுவித்தது. நோயாளியை வார்டில் பார்ப்பது ஒரு படிப்பு, அவர் வீட்டில் பார்ப்பது இன்னொரு படிப்பு என்பது இங்கே நிலைபெற்றது.

சுதந்திரத்துக்கு முந்தைய நிலவரம் என்ன என்பதை 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை அப்பட்டமாகச் சொன்னது. நாட்டில் இருந்த நர்சுகள் சுமார் 7,000 பேர், அதாவது 43,000 பேருக்கு ஒருவர். டாக்டர்களாவது 6,300 பேருக்கு ஒருவர் இருந்தார்கள். வீடு தேடிப் போகும் சுகாதாரப் பார்வையாளர்கள் முழு நாட்டுக்கும் 750 பேர் அளவில்தான். அதே 1946-இல் இரண்டு இடங்களில் நர்சிங் பட்டப்படிப்பு பிறந்தது. ஒன்று வேலூர், மற்றொன்று டெல்லி. டெல்லிக் கல்லூரிதான் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் பெயரைப் பெற்றது. இன்று அது இருப்பது லாஜ்பத் நகரில், மதராசி கேம்ப் இருந்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில்.

அந்தப் படிப்பின் சிறப்பே மாணவிகளை வெளியே அனுப்பியதுதான். நஜஃப்கர் பக்கம் சாவ்லா கிராமத்தில் டெல்லிக் கல்லூரிக்கு ஒரு கிராமப்புறப் பயிற்சி மையம் உண்டு. மாணவிகள் அங்கே தங்கி வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டுக்குள் பையை எப்படி வைப்பது என்பதே ஒரு பாடம்: தரையில் முதலில் காகிதம் விரித்து அதன்மேல் பை, கை கழுவிய பிறகே பையைத் திறப்பது, பயன்படுத்தியதைத் தனியே வைப்பது. சிறிய ஒழுங்குகள்தாம். ஆனால் குழாயில்லாத வீட்டில் கை கழுவத் தண்ணீர் கேட்கும் மாணவி, அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து, எத்தனை குடம் வருகிறது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்கிறாள். வார்டில் பத்து வருடம் நின்றாலும் அது தெரியவராது.

தண்ணீரும் சாக்கடையும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை டெல்லி 1955 குளிர்காலத்தில் கண்டுகொண்டது. யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் வசீராபாத் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. சில வாரங்களில் நகரமே மஞ்சளானது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை. இந்த எண் ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் கிடைத்ததல்ல, வீடுகளுக்குப் போய் விசாரித்துத் திரட்டியது. கர்ப்பிணிகள் அதிகம் இறந்ததும் அதில் தெரிந்தது. அன்று சேகரித்து வைத்த ரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோதுதான் அது அதுவரை பெயரிடப்படாத வேறொரு கிருமி என்று புரிந்தது. இன்று அதற்கு ஹெபடைடிஸ் இ என்று பெயர். வாய்க்காலோரம் வாழ்பவர்களின் உடல்நிலை முழு நகரத்தின் விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டெல்லிக் கல்லூரி 1959-இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது, ஆய்வேடு அதன் பகுதியானது. 1986-இல் இந்திய நர்சிங் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. ஆராய்ச்சி என்ற சொல் நர்சுகளுக்குச் சொந்தமான காலம் இது. ஆனாலும் ஒன்றை மனம் விட்டுச் சொல்லியாக வேண்டும். நாடு முழுதும் நர்சிங் கல்லூரி நூலகங்களில் அடுக்கியிருக்கும் ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. ஐம்பது அறுபது பேரைக் கூட்டி, ஒரு பாடம் நடத்தி, முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து, அறிவு கூடியது என்று முடிப்பவை. பாடம் கேட்ட தாயின் குழந்தை அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கில்லாமல் இருந்ததா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. மாணவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு வருடப் படிப்பில் களத்துக்குக் கிடைக்கும் காலம் சில வாரங்கள். திரும்பிப் போக நேரமும் பணமும் யாரும் கொடுப்பதில்லை.

திரும்பத் திரும்பப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேலூருக்கு அருகே கணியம்பாடி ஒன்றியம் இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரத் துறை அங்கே பல பத்தாண்டுகளாக ஒரு பதிவுமுறையை நடத்துகிறது. ஊருக்கு ஒரு பகுதிநேரப் பெண் பணியாளர், அதே ஊர்க்காரர். பிறப்பு, இறப்பு, கர்ப்பம், குடி வந்தவர், குடி போனவர் என எதுவானாலும் முதலில் அவருக்குத் தெரியும். அவர் சொல்வதைச் சுகாதார உதவியாளர் சரிபார்ப்பார், அதன்மேல் சமுதாய நர்ஸ், அதற்கும்மேல் டாக்டர். ஒரு தகவல் நான்கு கை மாறித்தான் பதிவாகும். இறப்பு என்றால் எதனால் என்று வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் நிதானமாக விசாரிப்பார்கள்.

1994 முதல் 1999 வரை இப்படிச் சேர்ந்த பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. சுமார் 1,08,000 மக்கள் வாழும் அந்தப் பகுதியில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 95.2. தேசிய அளவில் அரசு வெளியிட்டுவந்த விகிதத்தைப்போல எட்டு ஒன்பது மடங்கு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2003-இல் அதை வெளியிட்டது. மறுவருடம் லான்செட் இதழில் வந்த கட்டுரை 10 முதல் 19 வயதினரைத் தனியே எடுத்துப் பார்த்தது. பெண்பிள்ளைகளிடையே ஒரு லட்சத்துக்கு 148, ஆண்பிள்ளைகளிடையே 58. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாத சாவுகள், வயிற்றுவலி என்று சொல்லி அடக்கம் செய்யப்பட்ட சாவுகள் இதில் எண்ணப்பட்டன. வழக்கு வரும், பெயர் கெடும் என்ற பயத்தில் ஊர் மறைத்ததை, பத்து வருடமாகத் தம் வீட்டுப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் வந்துபோன பெண்ணிடம் ஊர் சொல்லியது. வெளியூரிலிருந்து படிவத்தோடு ஒருநாள் வந்து இறங்குகிறவருக்கு அந்தப் பதில் கிடைத்திருக்காது. இளம் பெண்களின் சாவு இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பேசப்பட்டதற்கு அந்தக் கிராமத்துப் பெண்களின் நடை ஒரு முக்கியக் காரணம்.

கணியம்பாடிக்கு இருந்த வசதி மதராசி கேம்ப் போன்ற இடங்களுக்கு இல்லை. நிலம் தமதில்லை, இருப்பும் நிலையில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட வாசல்களும் ஒரு பெரும் வெற்றியில் பங்கெடுத்தன. டெல்லி 1994 அக்டோபர் 2 அன்று போலியோ சொட்டு மருந்து இயக்கத்தைத் தொடங்கியது. பிறகு அது நாடு முழுதும் பரவியபோது, வீடு வீடாகப் போனவர்கள் கதவோரச் சுவரில் சாக்பீஸால் குறி போட்டார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாகிவிட்டது என்றால் ஒரு குறி, யாராவது விடுபட்டால் இன்னொன்று. விடுபட்ட வீட்டுக்கு மறுபடி போனார்கள். இடம்பெயர்ந்து வாழ்பவர்களின் குடிசைப் பகுதிகள் தனிப் பட்டியலாகவே எடுக்கப்பட்டன. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட புதிய நோயாளி இல்லை. கதவு எண் இல்லாத வீட்டையும் ஒரு கோட்டால் பதிவு செய்துவிட முடியும் என்று அது காட்டியது.

அந்த அக்கறை இடிப்புக்கு முன்னும் இருந்தாக வேண்டும். எந்த பஸ்தியை அகற்றுவதானாலும், வீட்டுச் சாவி கொடுக்கும் நாளுக்கு முன்பே, கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்கள் எல்லோரையும் பெயர் பெயராகப் புதிய இடத்து நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். தகுதிப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களையும் சேர்த்துத்தான். வாடகை வீடு தேடி வேறு காலனிக்குப் போகிறவருக்கும், ஊருக்கே திரும்புகிறவருக்கும் மாத்திரை நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை ஏற்கக் கிராம சுகாதார நர்ஸ் இருக்கிறார், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவருக்குத் தேவை ஒரு முன்னறிவிப்பு.

லாஜ்பத் நகரில் முதுகலை படிக்கும் ஒரு மாணவிக்கு ஆய்வேட்டுத் தலைப்பு வேண்டுமென்றால், மதராசி கேம்பின் 370 வீட்டுக்காரர்களைத் தேடிப் போகலாம். நரேலாவில் சிலர், ஜங்புராவையே சுற்றி வாடகையில் சிலர், தமிழ்நாட்டில் சிலர் இருப்பார்கள். இடிப்புக்கு முந்தைய மாதம் யார் எந்த மருந்து எடுத்தார்கள், அது எந்த வாரம் நின்றது, குழந்தையின் அடுத்த ஊசி எங்கே போடப்பட்டது, நரேலாவிலிருந்து பழைய டிஸ்பென்சரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டியிருந்தது, அதனால் எத்தனை நாள் கூலி போனது என்று கேட்டு எழுதலாம். ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போகலாம். தமிழ் தெரிந்த மாணவி என்றால் இன்னும் நல்லது.