காற்றை வென்ற வண்டி

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வண்டி பார்க்க வருகிறவர்கள் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்க்காமல் விலை கேட்பதில்லை. மலையேறுகிறவருக்கு அது நியாயம். ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் முட்டியில் தெரியும். சமதரையில் விரைகிறவருக்கு எதிரி காற்றுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால், காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் காற்றும் பெரும்பாலும் மோதுவது வண்டியில் அல்ல, ஓட்டுகிறவரின் நெஞ்சிலும் தோளிலும்.

இதைப் பாரிஸில் ஊரறியக் காட்டியவர் சார்ல் மோஷே. அவர் செய்த வண்டியில் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். நீளமான சட்டம், நீளமான செயின். எடைக்காக யாரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். 1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் அதில் ஏறி, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-ல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை பத்தொன்பது ஆண்டுக்குப் பின் உடைந்தது. இத்தனைக்கும் ஃபோர் முதல் வரிசை வீரரே அல்ல.

அடுத்த மாதமே மோரிஸ் ரிஷார் வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். ஃபோரைவிடக் குறைவுதான். ஆனாலும் உலக சைக்கிள் சங்கமான யுசிஐ அதையே சாதனையாக ஏற்றது. 1934-ல் பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதி, மோஷேயின் வண்டியை வெளியே தள்ளியது. அந்த ஆண்டே மோஷே இறந்துபோனார். ஃபோர் விடவில்லை. 1939-ல் வண்டிக்குக் கூடு மாட்டி, ஒரு மணியில் 50 கிலோமீட்டரைத் தாண்டினார்.

விதிக்குள் நின்றவர்கள் வேறு வழி தேடினார்கள். 1972-ல் எடி மெர்க்ஸுக்காக எர்னெஸ்டோ கொல்னாகோ செய்த சைக்கிள் 5.75 கிலோதான், எடை குறைக்கச் செயினில்கூட துளை போட்டார்கள். மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். என் கணக்கில் அந்தத் துளைகளைவிட அவருக்கு அதிகம் உதவியது மெக்சிகோ நகரம்தான். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றே மெலிசு. விதிக்கு உட்பட்ட வண்டியில் 50-ஐத் தாண்ட, அதே ஊரில் பிரான்செஸ்கோ மோசர் 1984-ல் வர வேண்டியிருந்தது.

மெல்லிய காற்றைத் தேடி மலைநகரத்துக்குப் போகலாம், உடம்பைச் சாய்த்துக் காற்றுக்கு வழிவிடக் கூடாது என்பது என்ன நியாயம்? 1934-ல் யுசிஐ செய்தது தவறு. ஃபோரின் 45.055 அந்தச் சாதனைப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.