நூலகத்தின் பின்கட்டு

நூலகம் என்றதும் நம் கண்முன் வருவது படிக்கும் கூடமும் வரிசையாக நிற்கும் அலமாரிகளும்தான். கல்யாண வீட்டில் பந்தியைப் பார்க்கிறோம். பின்கட்டில் அடுப்படியில் நிற்பவர்களை யார் பார்க்கிறோம்? நூலகத்துக்கும் அப்படி ஒரு பின்கட்டு உண்டு. அதற்குத் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று பெயர். தலைநகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அந்தப் பின்கட்டில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. "லைப்ரரியில வேலையா? நாள் பூரா படிச்சிக்கிட்டே இருக்கலாமே, கொடுத்து வெச்சவர்!" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவுக்காரர்கள் சொல்வார்கள். படிக்க ஏது நேரம்? அந்த வேலை என்ன, இந்தியாவில் அதற்கு இலக்கணம் வகுத்த தமிழர் யார், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தமிழ்ப் புத்தகங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நூல் விலைக்கோ நன்கொடையாகவோ உள்ளே வந்ததும் முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும். அங்கே கிடைக்கும் வரிசை எண் வேறு எந்த நூலுக்கும் மறுபடி தரப்படாது. தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை; நூலகத்தாருக்கு மட்டுமே தெரிந்த ஓர் உள்பக்கத்தில் இன்னொரு முத்திரை. யாராவது முதல் பக்கத்தைக் கிழித்தாலும் அடையாளம் போகாது பாருங்கள்! பிறகு நூல் எதைப் பற்றியது என்று தீர்மானித்து வகைப்பாட்டு எண் தருவார்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பொருள் எல்லாம் பட்டியலில் ஏறும். முன்பு அட்டையில் எழுதினோம்; பின்னர் கணினி வந்தது. கடைசியாக முதுகில் சீட்டு ஒட்டி அலமாரிக்கு அனுப்புவார்கள். எண் ஒன்று மாறி வேறு தட்டுக்குப் போன புத்தகம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். கேட்பவருக்கு மட்டும் "இல்லை" என்ற பதில்தான். தொலைந்த புத்தகத்துக்கும் அதற்கும் வேற்றுமை கிடையாது.

இந்தப் பின்கட்டு வேலையை ஓர் அறிவியலாகவே ஆக்கியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாட்களிலேயே வேலை பிடிக்காமல், பழைய இடத்துக்கே வந்துவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார் என்பது நூலகத் துறையில் எல்லாரும் சொல்லும் செய்தி. லண்டனில் பயிற்சி பெற்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பயின்றார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-இல் திரும்பியவர் கணித வகுப்பைத் தேடிப் போகவில்லை.

அக்காலத்தில் பரவலாக வழங்கியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாடு. அறிவு முழுவதையும் பத்து அறைகளாக்கி எண் தரும் முறை. நல்ல முறைதான், இன்றும் பல நூலகங்களில் உண்டு. ஆனால் அறை பிரித்தவர் எந்த ஊர்க்காரர் என்பது அதில் தெரிந்துவிடும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று விசாலமான இடம். நம் தமிழ் இலக்கியமோ 'பிற மொழிகள்' என்ற 890-க்குள் நுழைந்து, 894.811 என்ற மூலையில் நிற்க வேண்டும். சமயத்துக்கான 200-இலும் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே. இந்தியச் சமயங்கள் எல்லாம் சேர்ந்து 294.

லண்டன் கடை ஒன்றில் பார்த்த 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமான் ரங்கநாதனுக்கு வழி காட்டியது. துளையிட்ட இரும்புப் பட்டைகளும் திருகாணிகளும் இருக்கும். அவற்றைக் கொண்டு வேண்டிய பொம்மையைப் பூட்டிக்கொள்ளலாம். எண்ணையும் அப்படிப் பூட்டினால் என்ன என்று யோசித்தார். தஞ்சாவூரில் 1950-களில் நெற்பயிரின் நோயைத் தடுத்த முறை பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெல், நோய், தடுப்பு, இடம், காலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணை எடுத்து, இடையில் முக்காற்புள்ளி போன்ற குறிகளை இட்டு இணைக்க வேண்டும். இதுவே 1933-இல் வெளிவந்த 'கோலன் வகைப்பாடு'. இதன் மொழி அட்டவணையில் திராவிட மொழிகளுக்கு 3, தமிழுக்கு 31. அதற்கு முன்பே, 1931-இல், நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டுவிட்டார். 1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம். அவரும் நம்மைப் போலப் பிழைப்புக்கு வெளிமாநிலம் வந்தவர்தானே! 1972-இல் மறைந்த அவருடைய பிறந்தநாளாகிய ஆகஸ்ட் 12, நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

வகைப்பாட்டை விடவும் தமிழ் நூல்களில் தலைவலி தருவது பெயர். வடக்கே வந்த நாள் முதல் "சர்நேம் க்யா ஹை?" என்ற கேள்வியை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். எஸ்.ஆர். என்பது சீர்காழி என்ற ஊரும் ராமாமிர்தம் என்ற தந்தை பெயரும். கடைசியில் நிற்பதே தம் சொந்தப் பெயர். இது தெரியாதவர் பட்டியலிட்டால் ஒரே ஆசிரியர் மூன்று பேராகிவிடுவார். கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவரே, புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று காட்டும் குறிப்பு ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ரோமன் எழுத்தில் பட்டியலிடும் நூலகங்களில் இன்னொரு சங்கடம். நம் 'ச'வுக்கு அவர்கள் 'சி' என்ற மூன்றாவது எழுத்தைப் போடுவதால், சிலப்பதிகாரத்தை 'எஸ்'ஸில் தேடினால் அகப்படாது.

பொது அலமாரியில் நூல்கள் பொருள்வாரியாக நிற்கும். யார் கொடுத்தார் என்பது மறைந்துபோகும். சிறப்புத் தொகுப்பில் இது தலைகீழ். அங்கே சேர்த்தவரின் பெயரிலேயே எல்லாம் ஒன்றாக நிற்கும். கையெழுத்து, ஓரக்குறிப்பு, உள்ளே செருகிய கடிதம் எதையும் அகற்ற மாட்டார்கள். வெளியே இரவல் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து, பேனா இல்லாமல் பென்சிலால் குறிப்பெடுக்க வேண்டும்.

இதற்கு நமக்கு நெருக்கமான சான்று காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தவர், 1992-இல் காலமானார். 1994-இல் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அவர்களுக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்கலாம். பி.எல். 480 கோதுமை நம்மில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, 1962 முதல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தில்லி அலுவலகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை வாங்கி, சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி வந்தது. தமிழ் அங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். ஆனால் முத்தையாவின் தொகுப்பை அவர்கள் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே வைத்துத் தூசி தட்டி, பட்டியலிட்டு, நுண்படம் எடுக்கும் பின்கட்டு வேலைக்கு ஏற்பாடு செய்தார்கள். அதுவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதேபோல், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டிரங்குப் பெட்டியில் வந்த புத்தகங்கள் நம் பரண்களில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. பெரியவர் கண்ணை மூடினால் கபாடிவாலாவின் தராசுதான். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்!

நூலகத்துக்குக் கொடுக்கிறோம் என்று மூட்டை கட்டி இறக்கினாலும் போதாது. பட்டியலிடத் தமிழ் தெரிந்த ஆள் இல்லாத நூலகத்தில் அந்த மூட்டை பிரிக்கப்படாமலே கிடக்கும். ஆகவே நாமே ஒரு பட்டியல் எழுதி வைப்போம்: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. அது யாருடைய புத்தகம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று இரண்டு வரியும் சேரட்டும். பெயர் எழுதிய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். செல்லோடேப் ஒட்டவே வேண்டாம், அது காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். கொடுக்குமுன், தமிழ் நூல்களைப் பட்டியலிட ஆள் உண்டா, தொகுப்பாக வைப்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. எல்லா நூலகத்திலும் கிடைக்கும் நாவலை அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் இங்கே அச்சடித்த நாடக நோட்டீசு, பஜனை மண்டலியின் கணக்கு நோட்டு, நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, இதோ கையிலிருக்கும் இந்த மலர் — இவை தமிழ்நாட்டு நூலகங்களுக்குப் போய்ச் சேர்வது அபூர்வம். வெளிமாநிலத் தமிழர் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் எழுத வந்தால், அவருக்கு ஆதாரம் இவைதாம். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறங்கள். தாத்தா வாசிக்கட்டும், பேத்தி கணினியில் ஏற்றட்டும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.