கப்பலில் வந்த பாட்டு

நடுவர் அவர்களே! சட்டம் பெரிசா, சனங்களோட ரசனை பெரிசான்னு கேட்டீங்க. லண்டன் கதையைச் சொல்றேன். அங்கே பி.பி.சி. வானொலி இசைத்தட்டுகளை ஒப்பந்தப்படி அளந்து அளந்துதான் போட்டது. 1964 டிசம்பரில், எசெக்ஸ் கரைக்கு மூணு மைலுக்கு அப்பால், சட்டம் எட்டாத கடலில், ஒரு பழைய கப்பலில் ‘ரேடியோ லண்டன்’ தொடங்கியது. நாளெல்லாம் பாப் பாட்டு! விளம்பரம் சோறு போட்டது. அரசு விடுமா? அந்தக் கப்பலுக்கு விளம்பரம் கொடுத்தாலே குற்றம் என்று சட்டம் போட்டது. 1967 ஆகஸ்ட் 14இல் நிலையம் மூடப்பட்டது. செப்டம்பர் 30இல் பி.பி.சி.யே பாப் பாட்டுக்கென்று ‘ரேடியோ 1’ ஆரம்பித்தது. முதல் நிகழ்ச்சி யாருடையது தெரியுமா? அதே கப்பலில் பாட்டுப் போட்ட டோனி பிளாக்பர்ன்! கடையைப் பூட்டிட்டு, கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து கல்லாவில் உட்கார வச்சாங்கய்யா! (கைதட்டல்) ஜெயித்தது ரசனைதான் என்று கூறி அமர்கிறேன்.