சிறு வானொலியும் கரிசல் ஊரும்

கோவில்பட்டி போன்ற ஓர் ஊரில், திருச்சபை இளைஞர் சிலர் கூடிக் கீர்த்தனைகளை ஒலிபரப்பும் சிறு வானொலி ஒன்றை ஊதியமின்றி நடத்த இயலுமா? அமெரிக்காவில் இது புதுமையன்று. வணிக நோக்கமற்ற அமைப்புகள் 100 வாட்டுக்கு மிகாத ஆற்றலுடன் ஒலிபரப்பலாம் என்று 2000ஆம் ஆண்டில் அங்கு விதி செய்தனர். தேவாலயங்கள் பல அவ்வுரிமையைப் பெற்றன. அந்நிலையங்களின் ஒலி ஐந்தாறு கிலோமீட்டர்தான் எட்டும்.

நம் நாட்டிலும் வானொலி தொண்டர்கள் கையில்தான் பிறந்தது என்பதை மாணவர்களில் பலர் அறியார். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. கருவியின் ஆற்றல் 40 வாட். வீட்டிலே எரியும் ஒரு குண்டு விளக்குக்குப் போதுமான அளவே! பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. இசையும் சொற்பொழிவும் அதன் வழியே நகரமெங்கும் பரவின. 500 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த கரிசல் காட்டுக்கு அந்த மெல்லிய ஒலி எட்டியிருக்க வழியில்லை.

அச்சங்கத்திற்கு ஆர்வம் குறையவில்லை, பணமே குறைந்தது. 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. இதைத் தொண்டர்களின் திறமைக் குறைவு என்று கூறுதல் நியாயமன்று. அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெருமுதலோடு நிலையம் அமைத்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டதே! ஆனால், சென்னைச் சங்கத்தின் கருவி துருப்பிடித்து வீணாகவில்லை. மாநகராட்சி அதைப் பெற்று, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து தானே ஒலிபரப்பியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து, வானொலிப் பெட்டி வாங்க இயலாதவரும் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இப்பணி நீடித்தது.

தென்கோடியில் திருநெல்வேலி நிலையம் எழுவதற்கு 1963 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, கோவில்பட்டிக்கு வருவோம். பாடலுக்குப் பஞ்சமில்லை. வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தது திருநெல்வேலியில். 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைப் பெருநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் பிறந்த சாம்பவர் வடகரையும் தொலைவில் இல்லை. நிலமும் துணை நிற்கும். பண்பலை ஒலி ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. மேடு பள்ளம் குறைந்த கரிசல் வெளியில் அதைத் தடுக்கும் குன்றுகள் குறைவு.

சட்டம் அவ்வளவு எளிதன்று. 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கை, இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இடம் தந்தது. ஆற்றலின் வரம்பு இங்கும் 100 வாட்டே. எனினும் அந்நிலையம் தன் வட்டாரத்து மக்களுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். பாதி நிகழ்ச்சிகளேனும் அவர்கள் பங்கேற்க அங்கேயே உருவாதல் வேண்டும். ஒரு சமயத்தாரின் பாடல்களை இசைத்தட்டிலிருந்து ஒலிப்பதற்கென்றே உரிமை கேட்பின், அது இந்நோக்கத்தோடு பொருந்துவது அரிது என்பதே என் கருத்து. கீர்த்தனையோடு உழவர் பேச்சும், தீப்பெட்டித் தொழிலாளர் குரலும், பிற சமயத்தார் பாட்டும் சேர்ந்தால் நிலைமை வேறு.

அப்போதும் சென்னைச் சங்கத்தை வீழ்த்திய கேள்வி எஞ்சி நிற்கும். கம்பத்துக்கும் மின்சாரத்துக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். கரிசலோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் சந்தாவை யாரிடம் கேட்பது?